குருத்துக்குள்ள ஒரு பக்

"பூச்சியியல் பேராசிரியர்"னு சொன்னா, ஊசியில குத்தி வெச்ச பட்டாம்பூச்சி டப்பாதான் எனக்கு ஞாபகம் வரும். 2018-ல பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளில் நடந்ததைப் படிச்சப்புறம் அந்த நினைப்பு போயிடுச்சு மக்களே.

அந்த மே மாசம், கர்நாடகாவின் சிவமொக்காவில் பூச்சியியல் ஆய்வாளர்கள் இந்தியாவுக்கே புதுசான ஒரு புழுவைப் பார்த்தாங்க. பேரு படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016-ல ஆப்பிரிக்காவுக்குள்ள நுழைஞ்சது. தலையில தலைகீழ் 'ஒய்', வால் பக்கம் சதுரமா நாலு கருப்புப் புள்ளி. அதோட அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். சில மாசத்துல நம்ம மானாவாரிக் காட்டுக்கு வந்துடுச்சு. விவசாயிகள் மருந்து அடிச்சும் பயிர் போச்சு.

ஏன்? பக் ஒரு இடம், ஃபிக்ஸ் வேற இடம். வளர்ந்த புழு குருத்துக்குள்ள போயி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைச்சுக்கும். மேலாக அடிக்கிற மருந்து உள்ளே இறங்காது. அதனாலதான் புழு சின்னதா இருக்கும்போதே, சாயங்காலமா, குருத்துக்குள்ள படுற மாதிரி தெளிக்கச் சொல்றாங்க. விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி எல்லாம் அதுக்கும் முன்னாடி.

இளநிலை 4 வருஷம், முதுநிலை 2, அப்புறம் முனைவர் பட்டம். இவ்வளவு படிச்சவர் வயல்ல என்ன பண்றார்? செடி செடியா எண்ணுறார். சேதம் மருந்துச் செலவைத் தாண்டுமா, தாண்டாதா? தாண்டாதுன்னா, "இப்போ அடிக்காதீங்க"ன்னு சொல்லணும். கடன் வாங்கி விதைச்சவர்கிட்ட அதைச் சொல்றதுக்குத் தைரியம் வேணும்.

நான் புரொடக்‌ஷன்லகூட அவ்வளவு தைரியமா இருந்ததில்ல.