மின்னஞ்சலின் நாள்வழியும் பேரேடும்



வணிகர்கள் இருவகை ஏடுகளில் கணக்கு எழுதுவர். அன்றாடக் கொடுக்கல் வாங்கலை உடனுக்குடன் குறிப்பது நாள்வழி. அதனை ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேடு பழுதுற்றாலும் நாள்வழியைக் கொண்டு கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். நிறுவனங்களின் மின்னஞ்சலும் இம்முறையிலேயே காக்கப்படுகிறது. அப்பணியில் பல்லாண்டு ஈடுபட்டவன் என்ற முறையில், அதனை இன்று விளக்க முற்படுகிறேன்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் வழங்கியை எடுத்துக்கொள்வோம். ஊழியர் பலருடைய அஞ்சற்பெட்டிகள் தரவுத்தளம் எனப்படும் ஒரே பெரிய கோப்பில் அடங்கியிருக்கும். இதுவே பேரேடு.

கடிதம் ஒன்று வந்ததும் வழங்கி அதனை உடனே பேரேட்டில் எழுதுவதில்லை. பெரிய கோப்பில் உரிய பக்கங்களைத் தேடித் தேடி எழுதக் காலம் பிடிக்கும் அன்றோ? ஆதலால், செய்தியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பதிவுக் கோப்பில் வரிசையாகக் குறித்துவிடுகிறது. ஓய்வு கிடைக்கும்போது பேரேட்டில் ஏற்றுகிறது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இப்பதிவுக் கோப்பு ஒவ்வொன்றின் அளவும் 1 மெகாபைட். ஒன்று நிறைந்ததும் அடுத்தது தொடங்கும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், நினைவகத்தில் இருந்தவை அழியும். ஆயினும் வழங்கி மீண்டும் இயங்கும்போது பதிவுகளைப் படித்து, விட்டுப்போனவற்றைப் பேரேட்டில் சேர்த்துவிடும்.

இப்பதிவுகள் பெருகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? முழுக் காப்பு நகல் எடுத்து முடிந்தவுடன், தேவையற்ற பழைய பதிவுகளை வழங்கி தானே நீக்கிவிடும். காப்பு நகல் தவறினால் வட்டு நிறையும். எழுத இடமின்றித் தரவுத்தளம் நின்றுபோகும். அலுவலகம் முழுவதும் அஞ்சலின்றித் தவிக்கும்.

அத்தகைய நிலையை ஒரு நிறுவனத்தில் நான் நேரில் கண்டிருக்கிறேன். அங்கே ஒருவர், இடம் உண்டாக்கும் அவசரத்தில் பதிவுக் கோப்புகளைக் கையாலேயே அழித்துவிட்டார். பேரேட்டில் ஏறாத பதிவுகளும் அவற்றில் இருந்தன. தரவுத்தளம் திறக்க மறுத்தது. பழைய காப்பு நகலைக் கொண்டுவந்தபோதும், அதற்குப் பிந்திய நாட்களின் கடிதங்களைச் சேர்க்க நாள்வழி இல்லை. அவை போனவை போனவையே. வட்டு நிறையும் தறுவாயில் செய்யத்தக்கது, காப்பு நகல் எடுப்பதோ பதிவுகளை விசாலமான வேறு வட்டுக்கு முறைப்படி மாற்றுவதோ ஆகும், அழிப்பது அன்று.

2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறொரு காவலும் வந்தது. ஒரே தரவுத்தளத்தின் படிகளைப் பல வழங்கிகளில் வைக்கலாம். 16 வழங்கிகள் வரை ஒரு குழுவாக இணையலாம். இங்கும் பயணம் செய்வன பதிவுக் கோப்புகளே. ஒரு வழங்கி வீழ்ந்தால் மற்றொன்று பணியை ஏற்கும். எனினும் இங்கே நடக்கும் தவறான மாற்றமும் அங்கே படியெடுக்கப்படும் அல்லவா? அதனால் பதிவுகளை 14 நாட்கள் வரை காலந்தாழ்த்தி ஏற்றும் படியொன்றை வைப்பாரும் உளர்.

அஞ்சற்பெட்டியில் இருப்பவை ஒருவரின் வேலை நியமனமாக இருக்கலாம். ஓர் ஒப்பந்தமாகவும் இருக்கலாம். அவற்றைக் காக்கும் பொறுப்பு உங்களிடம் வரும் நாளில், எக்கோப்பையும் நீக்குமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து அஞ்சலை மீட்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்துப் பாருங்கள்.