கீழே கிடக்கும் பில்... பாயின்ட் யாருக்குச் சொந்தம்?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஜவுளி எடுத்தாலும் சரி, அறந்தாங்கியில் மளிகை வாங்கினாலும் சரி, பெரிய கடை என்றால் பில் போடும் இடத்தில் இப்போது ஒரு கேள்வி வருகிறது. "போன் நம்பர் சொல்லுங்க சார், பாயின்ட் ஏத்தணும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர், "அதெல்லாம் வேணாம்பா" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கையில் இருக்கும் பில், வாசலில் உள்ள குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். தீபாவளி, பொங்கல் நேரங்களில் அந்தத் தொட்டி பில்லாலேயே நிரம்பும்.

அந்தப் பில்லை வேறொருவர் எடுத்து, தன் நம்பரில் பாயின்ட் ஏற்றிக்கொண்டால் அது திருட்டா, சாமர்த்தியமா? வாங்கியவரே வேண்டாம் என்று எறிந்த ஒன்றை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்க சின்ன விஷயமாகத்தான் தோன்றும். ஆனால், ஒருவருடைய வேலையே போகும் அளவுக்கு இது வளரக்கூடியது.

சில்லறையாகத் தொடங்கும் கணக்கு

ஒரு கடையில் 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் பில்லுக்கு 30 ரூபாய். தொட்டியிலிருந்து அப்படி 20 பில் எடுத்தால் 600 ரூபாய். ஒரு வீட்டுக்குச் சில நாள் காய்கறிச் செலவு.

அதே கடையில் பில் போடும் ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 40 பேர் நம்பர் தராமல் போகிறார்கள். ஒவ்வொருவரின் பில்லும் சராசரியாக 500 ரூபாய். அத்தனையிலும் தன் நம்பரைத் தட்டிவிட்டால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். 26 நாள் வேலைக்கு 5,200 ரூபாய். குறைந்த சம்பளத்தில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

பாயின்ட் என்பது கடைக்காரர் ஆகாயத்திலிருந்து எடுத்துத் தருவது அல்ல. வாடிக்கையாளர் தரும் விலையில் ஒரு சிறு பகுதிதான் அது. நாளை அதை அவருக்குத் திருப்பித் தருகிறோம் என்பது கடையின் வாக்கு. பெரிய நிறுவனங்களின் கணக்கு முறையும் அப்படித்தான் பார்க்கிறது. கொடுத்த பாயின்ட்டுக்கு உரிய தொகையை உடனே வருமானமாகக் காட்டாமல், இன்னும் தீர்க்க வேண்டிய கடமையாகத் தனியே வைக்க வேண்டும் என்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 115.

பாயின்ட்டை யாரும் கேட்காமல் போனால் அந்தத் தொகை கடைக்கே லாபமாகத் தங்கிவிடும். வாடிக்கையாளர் மறந்துவிடுவார் என்பதும் கடையின் கணக்கில் உண்டு. அதனால்தான், "பெரிய கடைக்காரன் அமுக்கப்போற காசை நான் எடுத்தா என்ன?" என்று கேட்பவர்களின் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது.

ஆனாலும் ஒன்று தெளிவு. பில் தொட்டியில் விழுந்ததால் அந்தத் தொகை ஆளில்லாத சொத்தாகிவிடவில்லை. வாங்கியவர் கேட்கலாம், அவர் கேட்கவில்லை என்றால் கடையிடமே இருக்கும். இந்தக் கணக்கில் மூன்றாவது ஆள் கிடையாது.

மொய் நோட்டில் பேர் மாறினால்..?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த நியாயத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து களைகட்டும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுதுகிற ஒவ்வொரு மொய்க்கும் பேர், ஊர், தொகை என்று நோட்டில் பதிவு உண்டு. இன்று வைத்தவருக்கு நாளை அவர் விருந்தில் திரும்பச் செய்ய வேண்டும். அந்த நோட்டுதான் அத்தாட்சி.

ஒருவர் 5,000 ரூபாய் வைத்துவிட்டு, பேரைச் சொல்லாமல் அவசரமாகப் போய்விட்டார் என்று வையுங்கள். எழுதுபவர் அந்த இடத்தில் தன் மச்சான் பேரை எழுதிக்கொண்டால் ஊர் சும்மா விடுமா? "அவர்தான் பேர் சொல்லலியே" என்ற சமாதானத்தை யாராவது ஏற்பார்களா? மொய் செய்தவர் ஒருவர், நோட்டில் பேர் இன்னொருவருடையது என்றால் அது பொய்க் கணக்கு. பாயின்ட்டும் பேரில் எழுதப்படும் மொய் போலத்தான். பில்லைக் குனிந்து எடுத்ததில் குற்றமில்லை. "இதை வாங்கியது நான்தான்" என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பொறுக்கினாலே தப்பா?

இல்லை. எந்த நோக்கத்துக்காகக் காசு தரப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

டாஸ்மாக் காலி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலால் 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுவார்கள். குடித்தவர் எறிந்துவிட்டுப் போனதைப் பொறுக்கி வந்து கொடுப்பவருக்கும் அந்த 10 ரூபாய் நியாயமாகவே சேரும். பாட்டில் காட்டில் கிடக்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் நோக்கம். அதை நிறைவேற்றியவர் அவர்தான்.

தைவான் நாட்டில் கடை பில்லே லாட்டரிச் சீட்டு. வியாபாரிகள் பில் போடாமல் வரி ஏய்ப்பதைத் தடுக்க 1951-ல் அரசு தொடங்கிய ஏற்பாடு இது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல்; மிகப் பெரிய பரிசு 1 கோடி தைவான் டாலர். பில்லை வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள், தொண்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அங்கே தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பரிசு; கொடுப்பவரும் தெரிந்தேதான் கொடுக்கிறார்.

நம் நாட்டிலும் மத்திய அரசு இதேபோல ஒன்றை 2023 செப்டம்பர் 1-ல் சோதனை முறையில் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரியும் அதில் இருந்தது. குறைந்தது 200 ரூபாய்க்கான ஜி.எஸ்.டி பில்லைச் செயலியில் ஏற்றினால் குலுக்கலில் சேர முடிந்தது; பம்பர் பரிசு 1 கோடி ரூபாயாக இருந்தது. ஆனால், ஒருவர் மாதத்துக்கு 25 பில்தான் ஏற்ற முடிந்தது. தொட்டியைக் கவிழ்த்து மூட்டை கட்டுபவருக்கு அங்கே பெரிதாக வேலை இருக்கவில்லை. திட்டத்தின் பெயரே 'மேரா பில், மேரா அதிகார்'. அதாவது, என் பில், என் உரிமை.

பிரிட்டனில் கதை வேறு. போட்டிக் கடைகளைவிட எங்கள் விலை 10 சதவீதம் குறைவாக இல்லை என்றால் வித்தியாசத்தைத் தருகிறோம் என்று ஆஸ்டா சூப்பர் மார்க்கெட் அறிவித்திருந்தது. வாகன நிறுத்தத்தில் கிடந்த பில்களைச் சிலர் பொறுக்கி, அவற்றின் விவரத்தை இணையத்தில் பதிந்து கூப்பன் வாங்கினார்கள். குப்பை பொறுக்கும் கதைப் பாத்திரங்களின் பெயரால் இதற்கு 'வோம்பிளிங்' என்று பெயரே வந்துவிட்டது. குப்பையும் குறைகிறதே என்றார்கள் ஒரு சாரார். வாங்காத பொருளுக்கு வித்தியாசம் கேட்பது எப்படி என்றார்கள் மறு சாரார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, யாருடையது என்றே தெரியாமல் எடுத்தால் குற்றமில்லை என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு இது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும் தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம். பில்லில் கடையின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் வாங்கியவரின் பெயரும் நம்பரும்கூட இருக்கும். அதோடு, வாங்காத ஒருவர் வாங்கியதாகச் சொல்லிப் பலன் பெறும்போது, 318-வது பிரிவு சொல்லும் ஏமாற்றுதல் என்ற கேள்வியும் எழுகிறது. 30 ரூபாய்க்காக யாரும் போலீஸுக்குப் போகப்போவதில்லைதான். ஆனால், தொகை சின்னது என்பதற்காகச் செயலின் தன்மை மாறிவிடாது.

கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவருக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில். ஒரே நம்பரில் ஒரு நாளைக்கு 40 பில் ஏறினால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். 200 ரூபாய்க்காக வேலை போனால், அடுத்த கடையில் விசாரிக்கும்போது வரும் முதல் வார்த்தை 'கைசுத்தம் இல்லை' என்பதாகத்தான் இருக்கும். கடை முதலாளிகளும் இதில் ஒன்றைச் செய்யலாம். நம்பர் தராத பில்லில் பாயின்ட்டே ஏறாதபடி மென்பொருளை மாற்றிவிட்டு, ஊழியர்களுக்கென்று தனிச் சலுகை கொடுத்துவிட்டால், ஆசை காட்டிப் பிடிக்கிற நிலை இருக்காது.

வாங்குகிற நாம் என்ன செய்யலாம்?

* நம்பர் தர விருப்பமில்லை என்றால் தர வேண்டாம். பில் போட போன் நம்பர் கட்டாயம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது.

* "பாயின்ட் வேண்டாம், யார் நம்பரும் போட வேண்டாம்" என்று சேர்த்தே சொல்லுங்கள். அந்த ஊழியருக்கும் அது பாதுகாப்பு.

* வீட்டுக்கு ஒரே நம்பர் வைத்து, அம்மா பேரில் எல்லோரும் பாயின்ட் சேர்ப்பதில் தவறில்லை; கடையின் விதி அனுமதித்தால் போதும். வரிசையில் முன்னால் நிற்பவரின் பாயின்ட் வேண்டுமா? "அண்ணே, உங்களுக்கு வேணாம்னா என் நம்பரைச் சொல்லிக்கலாமா?" என்று அவரையும் கடைக்காரரையும் கேட்டுவிடுங்கள். இருவரும் சரி என்றால் அது பொய்க் கணக்கு ஆகாது.

* பொருள் பழுதானால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்க உங்களுக்கு உள்ள பலம் பில்தான். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பிரச்னை என்றால் 1915-க்கு அழைக்கலாம். பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், முக்கியமானதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* தேவையில்லாத பில்லைக் கிழித்துப் போடுங்கள். அதில் உங்கள் போன் நம்பர் இருக்கலாம். கார்டின் கடைசி நான்கு எண்கள் இருக்கலாம்.

கீழே கிடக்கும் பில்லை உங்கள் வீட்டுப் பிள்ளை எடுத்து வந்து, "இதுல பாயின்ட் போட்டுக்கலாமாப்பா?" என்று கேட்டால் அதட்ட வேண்டாம். "இதை நாம வாங்கினோமா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். பதில் அந்தப் பிள்ளைக்கே தெரியும்.