எலிகளுக்கு `மெட்ராஸ் சாப்பாடு' போட்ட வெள்ளைக்காரர்! - குன்னூர் ஆய்வுக்கும் மத்தூர் களிக்கும் என்ன சம்பந்தம்?

மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் `மதியச் சாப்பாடு என்ன?' என்று கேட்டால், `தக்காளி சாதம், லெமன் சாதம்' என்றுதான் பதில் வரும். களி உருண்டையும் கொள்ளுக் கடையலும் பாட்டி வீட்டோடு நின்றுவிட்டன. கேழ்வரகு விளைகிற மாவட்டத்திலேயே இந்த நிலை!

இந்த மாற்றத்தைப் பற்றி நூறு வருடங்களுக்கு முன்பே கவலைப்பட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். ராபர்ட் மெக்காரிசன். 1878-ல் அயர்லாந்தில் பிறந்து, இந்திய மருத்துவப் பணிக்காக இங்கே வந்த டாக்டர். கைகால் மரத்துப்போகும் பெரிபெரி நோயை ஆராய 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் சின்னதாக ஓர் ஆய்வைத் தொடங்கினார். செலவைக் குறைக்கிறோம் என்று 1923-ல் அரசு அதை மூடியது. விடாமல் 1925-ல் மறுபடி ஆரம்பித்தார். ஹைதராபாத்தில் இன்று இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு அதுதான் விதை.

அவருடைய ஆய்வுகளில் ஒன்று சுவாரஸ்யமானது, நமக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கவும் செய்யும். எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு... இப்படி. சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று தின்ற சீக்கியக் கூட்டத்தின் சராசரி எடை 235 கிராம். கன்னடக் கூட்டம் 185. கடைசி இடம்? மெட்ராஸ் சாப்பாடு தின்றவை, வெறும் 155 கிராம். (ஓசூர் எல்லையில் இதைச் சொன்னால் அந்தப் பக்கத்து நண்பர்கள் விடமாட்டார்கள்!)

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் அவர் சுட்டிக்காட்டிய காரணங்கள் இன்றைக்கும் நம் அடுப்படியில் இருக்கின்றன: மில்லில் வெள்ளையாகத் தீட்டிய அரிசி, அதையும் கழுவிக் கழுவி வடித்துக் கொட்டுவது, பாலும் காய்கறியும் குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும்படி இதையெல்லாம் `உணவு' என்ற சிறு புத்தகமாக 1928-ல் எழுதினார்.

தட்டோடு அவர் நிற்கவில்லை, வயலுக்கும் போனார். கோவை வேளாண் கல்லூரியில் 1909 முதல் ஒரே நிலத்துத் துண்டுகளில் வெவ்வேறு உரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி உரத்தை மாற்றி விளைவித்த சிறுதானியத்தை ஆராய்ந்து 1926-ல் கட்டுரை வெளியிட்டார். தொழுவுரத்தில் விளைந்த தானியத்துக்கு ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து அதிகம் என்பது அவர் முடிவு. இதை இன்றும் விஞ்ஞானிகள் விவாதிக்கிறார்கள். ஆனால் `என்ன தானியம்?' என்பதோடு `எந்த மண்ணில் விளைந்தது?' என்றும் கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பருவநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. இன்று அவர் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது. தழைச்சத்து உரம் அளவுக்கு மிஞ்சினால் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு வலுவானது. கேழ்வரகோ மானாவாரியிலேயே தாக்குப்பிடிக்கும், நெல் அளவுக்குத் தண்ணீர் கேட்காது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான்.

ஒரு விஷயம். கேழ்வரகின் சத்தில் பெரும்பங்கு அதன் மேல்தோலில் இருக்கிறது. மாவை நைஸாகச் சலித்து, சர்க்கரை கொட்டி `மால்ட்' ஆக்கினால் அது மெக்காரிசன் சொன்ன பழைய கதைதான், தானியம் மட்டும் வேறு.

சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023-ல் தமிழக அரசு, ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. ஒன்று, கிருஷ்ணகிரியின் தாய் மாவட்டமான தர்மபுரி. இன்னொன்று, குன்னூர் இருக்கும் நீலகிரி. அதற்காகக் கேழ்வரகு கொள்முதல் செய்த மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் உண்டு.