உங்களுக்குத் தெரியுமா? ‘கலாம்’ குடும்பப் பெயர் அல்ல!

ஏ.பி.ஜெ. அப்துல் கலாமை உலகமே ‘டாக்டர் கலாம்’ என்றது. ஆனால் அது அவருடைய குடும்பப் பெயரே அல்ல. ‘அப்துல் கலாம்’ என்ற சொந்தப் பெயரின் பின்பாதி!

• ஏ.பி.ஜெ. மூன்றும் முன்னோர்: கொள்ளுத்தாத்தா அவுல், தாத்தா பக்கீர், அப்பா ஜைனுலாப்தீன்.

• ‘கலாம்’ என்றால் அரபியில் பேச்சு, சொல். ‘அப்துல்’லுக்குப் பின் வழக்கமாக இறைவனின் 99 திருநாமங்களில் ஒன்று வரும்: காதர், ரகுமான் போல. அந்தப் பட்டியலில் ‘கலாம்’ இல்லை.

• மௌலானா ஆசாத்தோ ‘அப்துல்’ அல்ல, ‘அபுல்’ கலாம்: பேச்சின் தந்தை.

• இன்னொரு சுவையான பெயர்: குமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் 1944இல் பிறந்த நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரான். அரபுப் பெயருக்கு முன்னே அழகாக நிற்கும் ‘தோப்பில்’ நம்ம ஊர்ச் சொல்.

• ‘அப்துல்’ என்பது அரைப் பெயர். முழுப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.