186-க்கு எதிரே ஒன்று

(தொடர் – 7)

ராஜாஜியின் சுதந்திராக் கட்சி 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தப் பெயரை இருபது ஆண்டு கழித்துத் தூசி தட்டி எடுத்தவர் மராட்டியத்து சரத் ஜோஷி. 1994-இல் அவர் தொடங்கியது ஸ்வதந்த்ர பாரத் பக்ஷ.

ஜோஷி பரம்பரை விவசாயி அல்லர். அஞ்சல் துறை அதிகாரி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் வேலை. அதை உதறிவிட்டு 1977-இல் ஊர் திரும்பி, புனேவுக்குப் பக்கத்தில் ஆம்பேட்டாணில் நிலம் வாங்கினார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவர் கணக்கே பார்த்தார். மிஞ்சாததற்குக் காரணம் வானம் அல்ல, சர்க்கார் என்று முடிவுகட்டினார். நகரத்துக்காரன் மலிவாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஏற்றுமதிக்குத் தடை, கட்டாயக் கொள்முதல் என்று விலையை அமுக்கி வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். 1980-இல் வெங்காயத்துக்கும் கரும்புக்கும் விலை கேட்டு விவசாயிகள் நாசிக் பக்கம் மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தார்கள். பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை கொடு என்பது அவருடைய விவசாயிகள் அமைப்பான ஷேத்கரி சங்கடனாவின் முழக்கம். உலக வர்த்தகத்தைத் திறந்துவிடும் டங்கல் திட்டத்தை மற்ற விவசாயத் தலைவர்கள் எதிர்த்தபோது இவர் ஆதரித்தார். மரபணு மாற்றிய பி.டி. பருத்தியையும் ஆதரித்தார்.

மறியலுக்கு வந்த கூட்டம் ஓட்டுச்சாவடிக்கு வரவில்லை. 2004 சட்டமன்றத் தேர்தலில் ராஜுரா தொகுதியில் வாமன்ராவ் சட்டப் ஜெயித்தது மட்டுமே அந்தத் தேர்தலில் கட்சி கண்ட வெற்றி. அதே ஆண்டு பா.ஜ.க., சிவசேனை தயவில் ஜோஷி மாநிலங்களவைக்குப் போனார். மதவாதத்தை ஒருகாலத்தில் கடுமையாகச் சாடியவர் அந்த வாசல் வழியாக உள்ளே போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. நம் நாட்டில் கட்சியைப் பதிவு செய்ய வேண்டுமானால் சோஷலிசத்துக்கு விசுவாசம் தெரிவித்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, 1989 முதல், அப்படித்தான் சொல்கிறது. சந்தைச் சுதந்திரம் பேசுகிறவனும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் கட்சி! அந்தச் சொல்லை நீக்கக் கோரி ஜோஷி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எடுபடவில்லை.

2010 மார்ச் 9. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவாக 186 ஓட்டு, எதிராக ஒன்று. அந்த ஒன்று ஜோஷியுடையது. பெண்களுக்கு எதிரானவர் என்று ஏசினார்கள். 1986-இல் சாந்த்வடில் கிராமத்துப் பெண்களைப் பெருந்திரளாகக் கூட்டி மாநாடு நடத்தியவர் அவர் என்பது பலருக்கு நினைவில்லை. ஒதுக்கீட்டை அவர் எதிர்க்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தொகுதி சுழலும் ஏற்பாட்டைத்தான் எதிர்த்தார். அடுத்த முறை கைவிட்டுப் போகும் தொகுதியை எவர்தான் அக்கறையாகப் பார்ப்பார்கள்? கேள்வி நியாயமானது.

2015 டிசம்பர் 12-இல் ஜோஷி காலமானார். 2023-இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தில், ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகே சுழற்சி என்று மாற்றிவிட்டார்கள்.