கருங்கல்லும் மணற்கல்லும்

கல்லை அழியாமைக்கு உவமை கூறுதல் உலக வழக்கு. ஆயினும் கல்லெல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை அறிய, காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலை நோக்குவோமாக. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த அக்கோயிலின் அடிப்பகுதி கருங்கல். அதன்மேல் எழுந்த சுவரும் விமானமும் மணற்கல். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக ஒரே மழையும் ஒரே வெயிலும் இரண்டையும் தாக்கியும், கீழ்க்கல் பெரும்பாலும் விளிம்பு மழுங்காதிருக்க, மேற்கல்லிற் செதுக்கிய உருவங்கள் பல முகமிழந்து நிற்கின்றன.

இவ்வேற்றுமை கற்களின் பிறப்பால் வந்தது. உருகிய குழம்பு ஆறி இறுகியது அக்கினிப்பாறை. நீரும் காற்றும் கொணர்ந்த துகள்கள் படிந்து இறுகியது படிவுப்பாறை, மணற்கல் இவ்வகையது. பூமியின் உள்ளே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேற்றுருக் கொண்டது உருமாறிய பாறை. கருங்கல் எனக் கல்தச்சர் வழங்குஞ் சொல், முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் பலவற்றை அடக்கும். பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு நிலநூலார் இட்ட பெயர் சார்னகைட் என்பது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் அவ்வினத்ததாதலின், 1893-ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலந்து என்பார் அப்பெயர் வைத்தார். நம் ஊர்க் கல் கல்லறை வழியே பெயர் பெற்றது வியப்பே!

கருங்கல்லில் மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருத்தலின் நீர் நுழைதல் அரிது. மணற்கல்லிலோ மணல்மணிகளை ஒட்டும் பசையிடையே நுண்டுளைகள் உள. அவற்றிற் புகுந்த நீர் வெயிலில் உலருங்கால், அதிற் கரைந்திருந்த உப்புப் படிகமாகி மணிகளை நெருக்கித் தள்ளும். ஆண்டுதோறும் இவ்வாறு நிகழவே கல் பொடியாய் உதிரும். கருங்கல்லும் தப்பாது. கரியமிலவாயுவை ஏற்ற மழைநீர் மெல்லிய அமிலமாகி, அக்கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் பகுதியை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கும். குவார்ட்ஸ் மட்டும் கரையாது மணலாய் எஞ்சும். அம்மணல் ஆற்றொடு சென்று படிந்து, நெடுங்காலத்தின் பின் மணற்கல்லாகவுங் கூடும்.

பிற்காலத்தில் கோயிலைப் பழுது பார்த்தோர், சிதைந்த சிற்பங்கள்மேற் சாந்து பூசினர். உருவம் மீண்டது, பல்லவச் சிற்பியின் கைத்திறம் மறைந்தது. பழங்கற்களின்மேற் சிமெண்டு பூசுதல் அதனினுந் தீது என்பது நமது கருத்து. உட்புகுந்த நீரை அது எளிதில் வெளிவிடாது. அப்பூச்சின் பின்னே உப்பு கல்லையே தின்னும். மழைநீர் தேங்காது வழிந்தோடச் செய்தலும், விமானத்தில் முளைக்கும் அரசங்கன்றுகளைக் களைதலுமே முதற்பணியாம். கன்று விரலளவாயிருக்கையில் வேரோடு பெயர்த்தல் எளிது. கல்லிடுக்கில் வேர் பருத்தபின் பிடுங்கின், வேரோடு கல்லும் பெயர்ந்து வரும்.