தினை மட்டும் போதுமா? கூண்டுக்கிளிகளுக்கு ஏற்ற தீவனம்

சிற்றூர்களிலும் இப்பொழுது திண்ணையில் ஒரு கம்பிக்கூண்டும், அதில் இரண்டு மூன்று வண்ணக்கிளிகளும் இருப்பதைக் காண்கிறோம். சிலர் குஞ்சு பொரிக்க வைத்து விற்று ஓரளவு வருவாயும் பெறுகின்றனர். 'லவ் பேர்ட்ஸ்' என்று நம் சந்தைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகார் என்னும் சிறுகிளிகளே. கொண்டையுள்ள காக்கடீல் கிளியும் அந்நாட்டதே. நம் தோப்புகளில் திரியும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எனவே இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று.

பட்ஜெரிகார் நல்ல பராமரிப்பில் 5 முதல் 10 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் பல வீடுகளில் இரண்டாம் ஆண்டிலேயே இறந்துவிடுகிறது. கேட்டால், "ஏதோ நோய்" என்பர். தினையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் அறியாத பறவைக்கு நோய் வராதிருந்தால்தான் வியப்பு!

தினை கெட்ட தீவனம் அன்று. ஆனால் தன் நாட்டில் இக்கிளி பலவகைப் புற்களின் விதைகளை, பால் பிடித்த நிலையிலும் முற்றிய நிலையிலும், நாள்தோறும் நெடுந்தொலைவு பறந்து தேடித் தின்கிறது. கூண்டில் கிடைப்பதோ காய்ந்த விதை மட்டுமே. அதில் மாவுச்சத்து உண்டு. வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டினும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்தோல் கெடும். மூக்கு ஒழுகும், கண் வீங்கும், வாயினுள் வெண்திட்டுகள் தோன்றும். பிறகு கிருமிகள் எளிதில் உட்புகும்.

இதற்கு மருந்து உங்கள் கொல்லையிலேயே உள்ளது. முருங்கைக்கீரையில் கரோட்டினும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே உள்ளன. கொத்தமல்லித்தழை, துருவிய காரட், மஞ்சள் பூசணி ஆகியவையும் ஏற்றவை. பசலை, தண்டுக்கீரை போன்றவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், அவற்றையே நாள்தோறும் கொடுக்க வேண்டாம். விதை மட்டுமே தின்று பழகிய கிளி கீரையை உணவென்றே அறியாது. முருங்கை ஈர்க்கைக் கழுவி, ஈரத்துடனே கூண்டின் மேற்கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் ஈர இலையில் உடலைத் தேய்த்துக் குளிக்கும், பின்னர் கொறிக்கும். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பழக்குவதற்காகப் பட்டினி போடுவது கூடாது. இச்சிறு பறவை ஒருநாள் பட்டினியையும் தாங்காது.

விதையிலும் கலப்பு வேண்டும். உமி நீக்காத தினை, சாமை, குதிரைவாலி, சிறிது கம்பு ஆகியவற்றைக் கலந்து, ஒரு பட்ஜெரிகாருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி அளவு கொடுக்கலாம். சூரியகாந்தி விதையில் சுமார் 40 சதம் எண்ணெய் இருப்பதால் ஈரலில் கொழுப்பு படியும். காக்கடீல் அதையே பொறுக்கித் தின்னும். பலகாரம் போல எப்போதாவது நாலைந்து விதை போதும்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு உயிரே போகும். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, கூண்டில் செருகி வையுங்கள். காலை வெயிலும் சிறிது நேரம் படட்டும். அயோடின் குறைந்தால் பட்ஜெரிகாருக்குக் கழுத்துக் கழலை உண்டாகி மூச்சு இரையும். அயோடின் சேர்ந்த தாதுக்கட்டி இதைத் தடுக்கும். உப்பைத் தூவாதீர்கள். கோழிக்குப் போல மணலும் தேவையில்லை, கிளி உமியை நீக்கிவிட்டே விழுங்குகிறது.

உழவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதைத்தது போக மீந்த விதையைக் கிளிக்குப் போடுவது ஆபத்து. விதைநேர்த்திக்குப் பயன்படும் இமிடாகுளோப்ரிட் ஏறிய விதைகள் ஒரு சிலவே சிறு பறவையைக் கொல்லப் போதும். திரம் கலந்த விதை தின்ற கோழிகள் தோல்முட்டை இடுவது தெரிந்ததே. சிவப்பு, பச்சைச் சாயம் ஏறிய விதையைக் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. மருந்து தெளித்த வயலின் கீரையும், களைக்கொல்லி அடித்த வரப்பின் புல்லும் வேண்டாம். பூசணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் அவ்வாறே. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நஞ்சே. வறுத்தாலும் அது முழுவதும் அழியாது.

வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ, சாக்லேட், தேநீர், காப்பி ஆகியவை கிளிக்கு நஞ்சு. முளைகட்டிய பயறு நல்லதே. கோடையில் இரண்டு மணி நேரத்திற்குள் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும்.

கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றினாலும், மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம். தீவனம் இருக்கிறதென்று நினைத்துப் பறவையைப் பட்டினியால் இழந்தவர் பலர். நாள்தோறும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புது விதை இடுங்கள். வாரம் ஒருமுறை கிளியை மெதுவாகப் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி விளிம்பு போலத் தட்டுப்பட்டால், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கும்வரை காத்திராமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.